சரத்தின் நீளம் காண்பது எப்படி: காத்தான்குடிக்கும் மட்டக்களப்புக்கும் ஏன் ஒரே விடை வருகிறது?

மட்டக்களப்பு நகரில் நான் நடத்தும் சிறிய செய்நிரலாக்க வகுப்பின் இரண்டாம் நாளில், மாணவர்கள் ஒவ்வொருவரும் தத்தம் ஊரின் பெயரைக் கொப்பியில் எழுதி, அதில் எத்தனை எழுத்துகள் உள்ளன என்று விரல் மடித்து எண்ணிவிட்டு, அதே கேள்வியைக் கணினியிடமும் கேட்க வேண்டும் என்பது வழக்கம். ஒருமுறை காத்தான்குடியிலிருந்து வரும் மாணவி ஒருத்தி 6 என்று எழுதியிருந்தாள். கணினி 12 என்றது. அவளுக்குப் பக்கத்தில் இருந்த நகரத்துப் பையன் மட்டக்களப்பு என்று எழுதி 8 என்று எண்ணியிருந்தான். அவனுக்கும் கணினி 12 என்றே காட்டியது. "சேர், கம்பியூட்டர் பிழையாக் காட்டுது" என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள். பிழை எதுவும் இல்லை. அவர்கள் எண்ணியது ஒன்று, கணினி எண்ணியது வேறொன்று. சரத்தின் நீளம் காணும் கட்டளையைக் கற்றுக்கொள்ள ஐந்து நிமிடம் போதும்; அது எதை எண்ணுகிறது என்பதை விளங்கிக்கொள்ளத்தான் ஒரு பின்னேரம் வேண்டும்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். செய்நிரலில் மேற்கோள் குறிகளுக்கு நடுவே எழுதப்படும் உரையைப் பாடநூல்கள் சரம் என்கின்றன. நாரில் பூக்களைக் கோத்ததுபோல, நினைவகத்தில் குறிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்டிருப்பதால் அந்தப் பெயர் பொருத்தமானதே. பூச்சரத்தை முழம் போட்டும் அளக்கலாம், பூக்களை எண்ணியும் சொல்லலாம்; இரண்டு விடைகளும் சரியாக இருக்கும், ஆனால் ஒன்றாக இரா. உரைச் சரமும் அப்படித்தான்.

செய்து பார்ப்பதற்குப் பைதன் 3 என்ற செய்நிரல் மொழி போதும். கணினியில் பைதனை நிறுவியவுடன் அதனோடு சேர்ந்து வரும் ஐடில் என்ற செயலியைத் திறந்துகொள்ளலாம். கணினி இல்லாதவர்கள் ஆண்ட்ராய்ட் கைபேசியில் பைட்ராய்ட் 3 என்ற செயலியை இறக்கிக்கொண்டால் இங்கே சொல்லப்படும் எல்லாவற்றையும் அதிலேயே செய்யலாம். தமிழ்த் தட்டச்சுக்கு எந்த விசைப்பலகையையும் பயன்படுத்தலாம்; உரை யுனிகோட் என்ற பொது எழுத்துக் குறியீட்டு முறையில் இருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

கொடுத்ததை வாங்கி ஒரு வேலையைச் செய்து தரும் கட்டளையைச் சார்பு என்பார்கள். பைதனில் நீளத்தைக் காணும் சார்பின் பெயர் லென். எல், ஈ, என் ஆகிய மூன்று சிறிய ஆங்கில எழுத்துகளால் அதைத் தட்டச்சுச் செய்ய வேண்டும். திரையில் காட்டும் சார்பின் பெயர் பிரிண்ட். இந்தக் கட்டுரையில் இத்தகைய சொற்களை அவற்றின் ஒலிப்பின்படி தமிழில் எழுதுகிறேன். நீங்கள் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் இட வேண்டும். ஆனால் பலர் அறியாத ஒரு வசதி உண்டு. பைதன் 3 மாறிகளின், அதாவது மதிப்புகளை இட்டு வைக்கும் பெட்டிகளின், பெயர்களைத் தமிழில் வைக்க அனுமதிக்கிறது. ஒரு சார்பை இன்னொரு பெயரால் அழைக்கவும் அனுமதிக்கிறது. ஆகவே முதலில் இரண்டு வரிகளை எழுதிவிடுவோம்.

நீளம் = லென்
அச்சிடு = பிரிண்ட்

இந்த இரண்டு வரிகளில் சமக்குறிக்கு வலப்புறம் உள்ளவை மட்டும் ஆங்கிலத்தில் இருக்கும். இதற்குப் பிறகு எழுதுவது முழுக்கத் தமிழாகவே இருந்தாலும் பைதன் அதை ஏற்றுக்கொண்டு இயக்கும்.

ஊர் = "மட்டக்களப்பு"
அச்சிடு(நீளம்(ஊர்))

இயக்கினால் 12 என்று வரும். ஊர் என்ற மாறிக்குள் காத்தான்குடி என்று மாற்றி இட்டு மறுபடி இயக்கினாலும் 12 தான்.

இங்கேயே தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. மேற்கோள் குறி நேராக நிற்கும் குறியாக இருக்க வேண்டும். வேர்ட் போன்ற செயலிகளிலிருந்தோ வட்ஸ்அப்பில் வந்த செய்தியிலிருந்தோ செய்நிரலை ஒட்டினால், மேற்கோள் குறிகள் சில வேளைகளில் வளைந்த வடிவத்துக்கு மாறியிருக்கும். பைதன் அவற்றை மேற்கோளாகவே கருதாது, சின்டாக்ஸ் எரர் என்று சொல்லி நின்றுவிடும். புதியவர்கள் அரை மணி நேரம் அடைப்புக்குறியைச் சரிபார்த்துக்கொண்டிருப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். மேற்கோள் குறியைக் கையால் மறுபடி தட்டச்சுச் செய்தால் தீர்ந்துவிடும்.

எவை எண்ணப்படுகின்றன?

மேற்கோள் குறிகள் எண்ணப்படுவதில்லை. அவை சரத்தின் வேலி மட்டுமே. வேலிக்குள் இருப்பது எதுவானாலும் எண்ணப்படும். இடைவெளியும் ஒரு குறிதான். மீன்பாடும் தேன்நாடு என்ற தொடரின் நீளம் 19. அதில் முதற்சொல்லுக்கு 10, இரண்டாம் சொல்லுக்கு 8, நடுவில் உள்ள வெற்றிடத்துக்கு 1. மேற்கோள் குறிகள் இரண்டையும் இடைவெளியின்றி அடுத்தடுத்து இட்டால் கிடைப்பது வெற்றுச் சரம், அதன் நீளம் 0. அவற்றுக்கிடையே ஒரேயொரு இடைவெளி விட்டால் நீளம் 1. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரிவதால், பயனர் பெயரை எழுதாமல் விட்டாரா என்று சோதிக்கும் செய்நிரல்கள் இந்த இடத்தில் ஏமாந்துபோகின்றன. பயனர் தட்டச்சுச் செய்ததை வாங்கியவுடன் ஸ்டிரிப் என்ற கட்டளையால் முன்னும் பின்னும் உள்ள வெற்றிடங்களை நீக்கிவிட்டு, அதற்குப் பிறகு நீளத்தைக் கேட்பதே நல்ல பழக்கம். கோப்பொன்றிலிருந்து வரிவரியாக வாசிக்கும்போதும் இதே சிக்கல் வரும். ஒவ்வொரு வரியின் இறுதியிலும் கண்ணுக்குத் தெரியாத வரிமுறிவுக் குறி ஒன்று இருப்பதால், நீளம் ஒன்று கூடுதலாகக் காட்டும்.

எண்களுக்கு நீளம் கிடையாது. மேற்கோள் இல்லாமல் 30000 என்று எழுதி அதன் நீளத்தைக் கேட்டால், பைதன் டைப் எரர் என்ற பிழையைக் காட்டும். அதையே மேற்கோளுக்குள் இட்டால் அது மட்டக்களப்பின் அஞ்சற் குறியீடாகிவிடும், நீளம் 5. கூட்டவோ கழிக்கவோ போவதில்லை என்றால் ஓர் இலக்கத் தொடரைச் சரமாகவே வைத்துக்கொள்ளுங்கள். தொலைபேசி இலக்கம், அடையாள அட்டை இலக்கம், அஞ்சற் குறியீடு ஆகிய மூன்றும் எண்போலத் தோன்றும் சரங்களே. அதிலும் தொலைபேசி இலக்கம் பூச்சியத்தில் தொடங்குவதால், மேற்கோளின்றி எழுதினால் பைதன் 3 அந்த வரியையே ஏற்காது.

நீளத்தோடு ஒட்டிப் பிறந்த இன்னொரு விடயம் சுட்டெண், அதாவது சரத்தில் ஒரு குறி நிற்கும் இடத்தின் எண். பைதன் இடங்களை 0 இலிருந்து எண்ணத் தொடங்குகிறது. ஆகவே நீளம் 12 ஆன சரத்தின் கடைசிக் குறி 11 ஆம் இடத்தில் இருக்கும். ஊர்[12] என்று கேட்டால் இன்டெக்ஸ் எரர் வரும். கடைசியை எப்போதும் நீளத்திலிருந்து ஒன்றைக் கழித்துப் பெற வேண்டும்.

இப்போது ஊர்[0] என்பதை அச்சிட்டால் ம வரும். ஊர்[1] ட. ஊர்[2] என்ன? மட்டக்களப்பில் மூன்றாவது எழுத்து இன்னொரு ட தானே என்று வகுப்பில் எல்லோரும் சொல்வார்கள். திரையில் வருவதோ எழுத்தே அல்ல. புள்ளிகளால் ஆன ஒரு சிறு வட்டமும், அதன் தலைமேல் ஒரு குற்றும் (மெய்யெழுத்தின் புள்ளி). அந்தக் குற்றுத் தனியாக நிற்கும் காட்சியைக் கண்டு பிள்ளைகள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு வந்த பிறகு 12 எப்படி வந்தது என்று நான் விளக்கத் தேவையில்லை, அவர்களே விளக்கிவிடுவார்கள்.

குற்றும் கொம்பும் அரவும்

யுனிகோட் என்பது உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் ஆளுக்கோர் எண் கொடுத்திருக்கும் அட்டவணை. தமிழுக்கு அதில் 2944 முதல் 3071 வரை 128 இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. பள்ளிக்கூடத்தில் நாம் படித்த எழுத்துகளோ 247. எப்படிப் போதும்? உயிர்மெய் 216 க்கும் தனித்தனி இடம் கொடுக்காமல், அகரமேறிய மெய்களுக்கும் அவற்றோடு சேரும் அடையாளங்களுக்கும் மட்டுமே யுனிகோட் இடம் கொடுத்திருக்கிறது. கா என்பது க, அரவு (துணைக்கால்) என இரண்டு குறிகள். கெ என்பது க, கொம்பு என இரண்டு. நாம் கையால் எழுதும்போது கொம்பை முதலில் போட்டாலும், நினைவகத்தில் க முதலாவதாகவும் கொம்பு அதன் பின்னும்தான் நிற்கும்.

இதில் இலக்கண மாணவரை உறுத்தும் ஒரு தலைகீழ் உண்டு. இலக்கணப்படி க் என்ற மெய்தான் அடிப்படை. அதனோடு அகரம் சேர்ந்தால் க. யுனிகோட்டில் க தான் அடிப்படை, அதன்மேல் குற்றிட்டால் க். எனவே நாம் சிறியது என்று நினைக்கும் மெய்யெழுத்து கணினிக்கு இரண்டு குறிகள், பெரியது என்று நினைக்கும் அகர உயிர்மெய் ஒரே குறி. இந்த முறையில் நெஞ்சு ஒப்புகிறதோ இல்லையோ, கணக்கு இப்படித்தான் நடக்கிறது.

மட்டக்களப்பை இப்படிப் பிரித்துப் பாருங்கள்: ம 1, ட் 2, ட 1, க் 2, க 1, ள 1, ப் 2, பு 2. கூட்டினால் 12. காத்தான்குடியில் கா, த், தா, ன், கு, டி என்ற ஆறு எழுத்துகளும் ஆளுக்கு இரண்டு குறிகள் கொண்டவை, ஆறிரண்டு பன்னிரண்டு. அகரமேறிய மெய் ஒன்றுகூட அந்தப் பெயரில் தனியாக வராததால்தான் சரியாக இரட்டிப்பாகிறது.

ஆகவே லென் எண்ணுவது எழுத்துகளை அல்ல, யுனிகோட் குறிகளை. ஆங்கிலத்தில் ஓரெழுத்துக்கு ஒரு குறி என்பதால் இந்த வேறுபாடு அங்கே வெளியே தெரிவதில்லை. பெரும்பாலான பாடங்கள் ஆங்கில உதாரணங்களையே காட்டுவதால், நம் பிள்ளைகள் தங்கள் பெயரை இட்டுப் பார்க்கும் அன்றுதான் முதல் அதிர்ச்சி.

எழுத்தை எண்ணுவதற்கு நாமே ஒரு வழி

விரலால் எண்ணும் 8 ஐயே கணினியும் சொல்ல வேண்டுமென்றால் என்ன செய்வது? சேர்ந்து வரும் அடையாளங்களை விட்டுவிட்டு மற்றவற்றை மட்டும் எண்ணினால் போதும். நல்ல வேளையாக, அட்டவணையில் அந்த அடையாளங்கள் எல்லாம் ஒரே தெருவில் குடியிருக்கின்றன. அரவின் எண் 3006, குற்றின் எண் 3021; மற்றைய உயிர்க்குறிகள் அந்த இரண்டுக்கும் இடையில் உள்ளன. ஒரு குறியின் எண்ணைச் சொல்லும் சார்பு ஓர்ட். ஓ, ஆர், டீ என்ற மூன்று ஆங்கில எழுத்துகள். அதற்கும் ஒரு தமிழ்ப் பெயர் வைத்துக்கொள்வோம்.

குறியெண் = ஓர்ட்
தொகை = 0
ஃபோர் குறி இன் ஊர்:
    இஃப் குறியெண்(குறி) < 3006 ஓர் குறியெண்(குறி) > 3021:
        தொகை = தொகை + 1
அச்சிடு(தொகை)

ஃபோர், இன், இஃப், ஓர் ஆகிய நான்கும் பைதனின் ஒதுக்கிய சொற்கள். அவற்றுக்கு மட்டும் தமிழ்ப் பெயர் வைக்க முடியாது, ஆங்கிலத்திலேயே இட வேண்டும். இரண்டாவது வரியில் தொகையைப் பூச்சியமாக்குகிறோம். மூன்றாவது வரி சரத்திலுள்ள குறிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்கிறது. நான்காவது வரி, எடுத்த குறி அந்தத் தெருவுக்கு வெளியே உள்ளதா என்று கேட்கிறது. வெளியே என்றால் மட்டும் தொகை ஒன்று கூடுகிறது. நான்காவது வரி நான்கு இடைவெளியும் ஐந்தாவது வரி எட்டு இடைவெளியும் உள்ளே தள்ளி இருக்க வேண்டும். கடைசி வரியைத் தவறுதலாக உள்ளே தள்ளிவிட்டால், ஒரே விடைக்குப் பதிலாக எண்கள் வரிசையாக வந்து விழும்.

மட்டக்களப்புக்கு 8, காத்தான்குடிக்கு 6. இப்போது கொப்பியும் திரையும் ஒத்துப்போகின்றன.

இந்தச் செய்நிரலுக்கு வெளியே நிற்கும் சில சங்கதிகளும் உண்டு. க்ஷ என்பதைப் பலர் ஓரெழுத்து என்பார்கள். நம் செய்நிரல் அதை க், ஷ என இரண்டாக எண்ணும். ஸ்ரீ என்பதற்கும் 2. எது சரி என்பது நீங்கள் எடுக்க வேண்டிய முடிவு. எனக்கு இரண்டாக எண்ணுவதில் மறுப்பில்லை. ஔகாரக் குறி சில வேளைகளில் இரண்டு துண்டுகளாகச் சேமிக்கப்படும். அதன் இரண்டாம் துண்டின் எண் 3031, எனவே மிகக் கவனமாக எழுதுபவர்கள் அதையும் விலக்கும் பட்டியலில் சேர்த்துக்கொள்வார்கள். இதையெல்லாம் தாமே எழுத விரும்பாதவர்களுக்கு ஓப்பன் தமிழ் என்ற இலவசத் தொகுப்பு இருக்கிறது. அதிலுள்ள கெட் லெட்டர்ஸ் என்ற சார்பு சொல்லைத் தமிழ் எழுத்துகளாகப் பிரித்து ஒரு பட்டியலாகத் தரும், அந்தப் பட்டியலின் நீளத்தைக் கேட்டால் விடை கிடைத்துவிடும். ஆனாலும் முதலில் ஒருமுறை கையால் எழுதிப் பார்த்துவிட்டுத் தொகுப்புக்குப் போவதையே நான் மாணவர்களுக்குச் சொல்வேன்.

ஒரே சொல், இரண்டு நீளம்

இன்னும் விசித்திரமான நிலை ஒன்று உண்டு. இரண்டு பேர் கோவில் என்று தட்டச்சுச் செய்கிறார்கள். திரையில் மயிரிழை வேறுபாடும் இல்லை. ஒருவருக்கு நீளம் 6, மற்றவருக்கு 7. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தால் சமமில்லை என்று பைதன் சொல்கிறது. காரணம் ஓகாரக் குறி. அதை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், இரட்டைக் கொம்பையும் அரவையும் தனித்தனியே அடுத்தடுத்து வைத்தும் சேமிக்கலாம். இரண்டும் திரையில் ஒரே வடிவம்தான். இதற்கு மருந்து பைதனோடு கூடவே வருகிறது. யுனிகோட்டேட்டா என்ற தொகுப்பில் நோர்மலைஸ் என்ற சார்புக்கு என்.எஃப்.சி. என்ற மூன்று பெரிய ஆங்கில எழுத்துகளையும் (மேற்கோளுக்குள்) சரத்தையும் கொடுத்தால், பிரிந்து கிடக்கும் துண்டுகளை ஒன்றுசேர்த்துத் தரும். வெளியிலிருந்து வரும் எந்தத் தமிழ் உரையையும் நீளம் பார்ப்பதற்கோ ஒப்பிடுவதற்கோ முன்னர் இந்தச் சார்பின் வழியே விட்டெடுப்பது நல்லது.

ஔவை என்று எழுத வேண்டிய இடத்தில் ஒ வுக்குப் பக்கத்தில் ள வைப் போட்டு எழுதுபவர்களை இந்த மருந்து காப்பாற்றாது. அது எழுத்துப் பிழை. நீளம் 3 க்குப் பதிலாக 4 வரும், அதைத் திருத்தத்தான் வேண்டும். இணையத்திலிருந்து பிரதி செய்த உரையில் அகலமே இல்லாத இணைப்புக் குறிகள் ஒளிந்திருப்பதும் உண்டு. அவை திரையில் தெரியமாட்டா, எண்ணிக்கையில் மட்டும் தலைகாட்டும். விடை எதிர்பார்த்ததைவிட ஒன்றோ இரண்டோ கூடினால், ஒவ்வொரு குறியின் எண்ணையும் ஓர்ட் மூலம் அச்சிட்டுப் பாருங்கள். 8204 அல்லது 8205 என்று ஒன்று கண்ணில் பட்டால் கள்ளன் அகப்பட்டுவிட்டான்.

நம் பக்கத்து அச்சகங்களிலும் தட்டச்சுக் கடைகளிலும் பாமினி எழுத்துருவில் எழுதப்பட்ட ஆவணங்கள் ஏராளம். அவற்றில் உள்ளே இருப்பவை தமிழ்க் குறிகளே அல்ல. ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் மாட்டிவிட்டிருக்கிறார்கள். கு என்பது யுனிகோட்டில் இரண்டு குறிகள், பாமினியில் ஒன்றே ஒன்று. அத்தகைய உரையின் நீளத்துக்கு எந்தப் பொருளும் இல்லை. முதலில் யுனிகோட்டுக்கு மாற்றுங்கள், பிறகு எண்ணுங்கள்.

பைட் என்ற மூன்றாவது கணக்கு

சாதாரண தரத்தில் பாஸ்கல் மொழியைப் படித்துவிட்டு உயர்தரத்தில் பைதனுக்கு வருபவர்கள், பாஸ்கலின் லெங்த் சார்பிடம் மட்டக்களப்பைக் கொடுத்துப் பார்த்துவிட்டு 36 என்று வந்ததாகச் சொல்வார்கள். அதுவும் சரிதான். கோப்பில் சேமிக்கும்போது பரவலாகப் பயன்படும் யூ.டி.எஃப். 8 முறையில், தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட் இடம் பிடிக்கிறது; பைட் என்பது நினைவகத்தை அளக்கும் சிறு அலகு. பன்னிரண்டை மூன்றால் பெருக்கினால் 36. பாஸ்கலின் பழைய சரவகை நீளத்தைச் சரத்தின் முதல் பைட்டிலேயே எழுதி வைக்கும். ஒரு பைட்டுக்குள் அடங்கும் மிகப் பெரிய எண் 255 என்பதால் சரமும் 255 பைட்டைத் தாண்டாது. தமிழில் அது 85 குறிகள்; ஒரு நீண்ட வாக்கியத்துக்கே போதாது. சி மொழி நீளத்தை எங்கும் எழுதி வைப்பதில்லை. இறுதியில் ஒரு பூச்சியத்தை வைத்துவிட்டு, நீளம் கேட்கப்படும் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து அந்தப் பூச்சியம் வரை நடந்து நடந்து எண்ணுகிறது. பைதன் சரத்தோடு நீளத்தையும் சேர்த்தே வைத்திருப்பதால், ஊர்ப் பெயரானாலும் ஒரு முழுப் புத்தகமானாலும் விடை உடனே வரும்.

மற்றைய மொழிகளில் மட்டக்களப்புக்கு என்ன விடை வரும் என்பதை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். சி மொழியின் ஸ்டர்லென், கோ மொழியின் லென், பி.எச்.பி.யின் ஸ்டர்லென் ஆகியவை பைட்டை எண்ணி 36 என்பன. பி.எச்.பி.யில் எம்.பி. என்ற முன்னொட்டோடு வரும் ஸ்டர்லென் 12 தரும். ஜாவாவும் ஜாவாஸ்கிரிப்டும் 12 தரும். ஆனால் அவை 16 பிட் (2 பைட்) அலகுகளை எண்ணுவதால், சிரிக்கும் முகம் போன்ற இமோஜி ஒன்றைப் போட்டால் பைதன் 1 என்னும் இடத்தில் அவை 2 என்னும். ஜாவாவில் சரத்தின் லெங்த்துக்குப் பின் அடைப்புக்குறி வேண்டும், ஜாவாஸ்கிரிப்டில் கூடாது. பரீட்சைக்குப் படிப்பவர்கள் இதை நன்றாக மனத்தில் இருத்த வேண்டும். எக்செல்லின் லென் 12 தரும். இந்தப் பட்டியலில் ஸ்விஃப்ட் மொழியின் கவுண்ட் ஒன்றுதான் எடுத்த எடுப்பிலேயே 8 என்று சொல்லி நம் விரல்களோடு ஒத்துப்போகிறது.

போகிற போக்கில் ஒன்று: தமிழாசிரியர் ஒருவரிடம் இதே கேள்வியைக் கேட்டால் மாத்திரைக் கணக்குப் பார்த்து, இறுதியில் நிற்பது குற்றியலுகரம் என்று அரை மாத்திரையைக் குறைத்து, 6 என்று சொல்லக்கூடும். ஒரே ஊருக்கு 36, 12, 8, 6 என நான்கு நீளங்கள்.

எங்கே பயன்படும்?

தேசிய அடையாள அட்டை இலக்கம் சரியான நீளத்தில் உள்ளதா என்று சோதிப்பது தொடக்கநிலையினருக்கு மிக நல்ல பயிற்சி. பழைய அட்டைகளில் ஒன்பது இலக்கங்களும் இறுதியில் ஓர் ஆங்கில எழுத்தும் சேர்ந்து நீளம் 10. 2016 முதல் வழங்கப்படும் புதிய அட்டைகளில் 12 இலக்கங்கள். நீளம் 10 ஆகவோ 12 ஆகவோ இல்லையென்றால் பயனரிடம் மறுபடி கேட்க வேண்டும். நீளம் சரியாக இருப்பதால் இலக்கமும் சரி என்று ஆகிவிடாது. ஆனால் பெரும்பாலான தட்டச்சுத் தவறுகள் இந்த முதற் படலையிலேயே பிடிபடும்.

குறுஞ்செய்தி அனுப்புபவர்களுக்கு நீளம் காசு. ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 குறிகள் வரை போகும். ஒரேயொரு தமிழ்க் குறி உள்ளே வந்தாலும் முழுச் செய்தியும் யுனிகோட்டுக்கு மாறி, எல்லை 70 ஆகக் குறையும். அதையும் தாண்டினால் செய்தி துண்டுகளாகி, துண்டுக்கு 67 குறிகள் என்று கணக்காகும். "நாளை மாலை 4 மணி வகுப்பு நடைபெறாது." என்று பெற்றோருக்கு நான் அனுப்பும் அறிவித்தலில் தமிழ் எழுத்துகள் 15 தான், குறிகளாக எண்ணினால் இடைவெளியும் முற்றுப்புள்ளியும் சேர்ந்து 34, அதாவது எல்லையில் ஏறக்குறையப் பாதி. இங்கே எழுத்தை எண்ணும் நம் செய்நிரல் உதவாது, லென் தான் வேண்டும். அச்சடிக்கும் வாழ்த்து மடலில் ஒரு வரிக்கு எத்தனை எழுத்து அடங்கும் என்று பார்க்கவோ, குறுக்கெழுத்துப் புதிருக்குக் கட்டம் போடவோ வேண்டுமானால் லென் உதவாது, நம் செய்நிரல் வேண்டும். கோப்பின் அளவைக் கணிக்க வேண்டுமானால் சரத்தை என்கோட் என்ற கட்டளையால் பைட்டாக மாற்றி, அதன் நீளத்தைக் கேட்க வேண்டும்.

நீளத்துக்கு எல்லை வைத்துச் சரத்தை வெட்டும்போது இன்னும் கவனம் தேவை. ஒருமுறை எனக்கு வந்த கடித உறையில், முகவரி அச்சிட்ட இடத்தில் அக்கரைப்பற்ற என்று இருந்தது. அக்கரைப்பற்று என்ற பெயரில் 13 குறிகள். பெயர்ப் பட்டியலை ஆக்கியவர் ஊர்ப்பெயருக்கு 12 குறிகள் போதும் என்று வெட்டியிருக்க வேண்டும், கடைசி உகரக் குறி மட்டும் கத்திக்குப் பலியாகிவிட்டது. இன்னும் ஒன்றைக் குறைத்திருந்தால் அக்கரைப்பற் என்று, குற்றோடு முடிந்து, வாசிக்கவே ஒரு தினுசாக இருந்திருக்கும். வெட்டத்தான் வேண்டுமென்றால், வெட்டும் இடத்துக்கு அடுத்த குறியின் எண் 3006 முதல் 3021 வரை உள்ள ஒன்றா என்று முதலில் பாருங்கள். ஆம் என்றால் அந்த எழுத்து இன்னும் முடியவில்லை, அது முடியும் வரை ஓரிடம் முன்னோ பின்னோ நகர்ந்து வெட்டுங்கள்.

உங்கள் செய்நிரல் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க, எங்கள் பக்கத்து ஊர்கள் சிலவற்றைக் கொடுத்துப் பாருங்கள். ஏறாவூருக்குக் குறிகள் 7, எழுத்துகள் 4. வாழைச்சேனைக்கு 10, 5. கல்முனைக்கு 7, 4. அம்பாறைக்கும் அதே 7, 4. பொத்துவிலுக்கு 10, 5. அக்கரைப்பற்றுக்கு 13, 8. திருக்கோவிலுக்கு 12, 6. அங்கே லென் 13 என்று காட்டி, எழுத்தெண்ணும் செய்நிரல் மட்டும் 6 என்றே சொன்னால், கோ என்ற எழுத்தின் ஓகாரக் குறி உங்கள் விசைப்பலகையில் இரண்டாக உடைந்து வருகிறது.